மச்சானுக்கு வட்டி, மகனுக்கு ஜெர்மனி

கேள்வி: ஐயா, கரூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். பிடித்தம் போக சம்பளம் 62,000 ரூபாய். மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டான், சிஜிபிஏ 7.6. ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க ஆசை. கன்சல்டன்சியில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தைக் காட்டுகிறார்கள்; கட்டணம் ஆண்டுக்கு 12,000 யூரோ, எல்லாம் சேர்த்து 38 லட்சம் என்கிறார்கள், 1 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். மகள் கல்யாணத்துக்கு மச்சானிடம் ஒன்றரை வட்டிக்கு வாங்கிய 6 லட்சம் அப்படியே நிற்கிறது, 3 வருடமாக வட்டி மட்டும் கட்டுகிறேன். இப்போது அவரே இன்னும் 10 லட்சம் தருகிறேன் என்கிறார். மகன் படிப்புக்கென்று வங்கியில் 7 லட்சம் டெபாசிட் இருக்கிறது. அதை ஸ்மால்கேப் ஃபண்டில் (சிறிய நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்ட்) போடலாம் என்கிறான். வீடு சொந்தம், அடமானம் இல்லை. என்ன செய்ய?

பதில்: ஜெர்மனியை விடுங்கள், முதலில் மச்சான். ஒன்றரை வட்டி என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் ஆண்டுக்கு 18 சதவீதம். மாதம் 9,000 வீதம் இந்த 3 வருடத்தில் 3,24,000 கொடுத்துவிட்டீர்கள், அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. அதே நேரத்தில் வங்கியில் 7 சதவீதத்துக்கு 7 லட்சம் வைத்திருக்கிறீர்கள்! அந்த 6 லட்சத்துக்கு வங்கி தருவது ஆண்டுக்கு 42,000, நீங்கள் மச்சானுக்குத் தருவது 1,08,000. “மகன் படிப்புக்கு எடுத்து வைத்த பணம், தொடக்கூடாது” என்ற ஒரே நினைப்புக்கு நீங்கள் கொடுக்கும் விலை ஆண்டுக்கு 66,000 ரூபாய். டெபாசிட்டை முறித்து அந்தக் கடனை இந்த மாதமே அடைத்துவிடுங்கள். “இப்போ என்ன அவசரம் மாப்பிள்ளை” என்பார், சொல்லாமல் இருப்பாரா, 18 சதவீதம் அவருக்கு வேறு எங்கே கிடைக்கும்? புது 10 லட்சத்தையும் வாங்கினால் மாதம் 24,000 வட்டிக்கே போய்விடும், அதுவும் 62,000 சம்பளத்தில்.

அடுத்து அந்த 38 லட்சம். யூரோ 105 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால் இரண்டு வருடக் கட்டணமே 25 லட்சத்துக்கு மேல். மிச்சம் இருக்கும் 12.8 லட்சம் ஒரு வருடச் சாப்பாடு, வாடகைக்குத்தான் வரும். இரண்டாம் வருடத்தை அவர்கள் சேர்க்கவே இல்லை. உண்மைச் செலவு 50 லட்சம்.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் கதை வேறு. பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ மட்டும்தான். (விதிவிலக்கு உண்டு: பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது.) விசாவுக்கு முன் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட வேண்டும், சுமார் 12.5 லட்சம். இது கட்டணம் இல்லை. அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்கள் மகன் கைக்கே வரும். ஏபிஎஸ் சான்றிதழ் (நம் பட்டம் உண்மையானதுதான் என்று ஜெர்மனிக்காகச் சரிபார்த்துத் தருவது) 18,000 ரூபாய், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, விசா, டிக்கெட் எல்லாம் சேர்த்தாலும் முதல் வருடம் 15 லட்சத்துக்குள் அடங்கும்.

இடம் கிடைக்குமா? மதிப்பெண்ணை அவர்கள் தங்கள் கணக்குக்கு மாற்றுவார்கள். 10-க்கு 7.6, குறைந்தபட்சத் தேர்ச்சி 5 என்று கொண்டால் 2.44 வரும். பல துறைகள் கேட்பது 2.5 அல்லது அதற்கும் நல்ல மதிப்பு. ஜெர்மனியில் எண் குறையக் குறைய நல்லது, பையனிடம் கேளுங்கள், அவனுக்குத் தெரிந்திருக்கும். அப்படியென்றால் கன்சல்டன்சி ஏன் தனியாரைக் காட்டுகிறது? பையனைச் சேர்த்துவிட்டால் அங்கே கமிஷன் கிடைக்கும், அரசுப் பல்கலைக்கழகம் தராது. ஏபிஎஸ் சான்றிதழ் வரவே வாரக்கணக்கில் ஆகும், இன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அக்டோபர் சேர்க்கைக்குப் பல இடங்களில் கடைசி நாள் ஜூலை 15, சில துறைகளில் மார்ச், மே மாதங்களிலேயே முடிந்துவிடும்.

15 லட்சத்துக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பொதுத்துறை வங்கியில் கல்விக்கடன் கேளுங்கள். வட்டி 10 சதவீதம் என்றால் படிக்கும் காலத்தில் மாதம் 12,500. மச்சானுக்குப் போன 9,000 இனி இதற்குப் போகட்டும். பழைய வருமானவரி முறையில் இருந்தால் இந்த வட்டிக்கு வரிக் கழிவும் உண்டு, மச்சான் வட்டிக்குக் கிடையாது. இரண்டாம் வருடத்துக்குப் பகுதிநேர வேலையை மட்டும் நம்பாதீர்கள். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்க அனுமதி இருக்கிறது, ஆனால் வேலை உடனே கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. கடனைத் தவணையாக எடுப்பதுபோலக் கொஞ்சம் கூடுதலாக மஞ்சூர் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்மால்கேப்பா? பத்து மாதத்தில் தேவைப்படும் பணத்துக்கா? பையன் மெக்கானிக்கலை நன்றாகப் படிக்கட்டும்.

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லையென்றால் கொடுக்காதீர்கள். மச்சானுக்குப் பணத்தைக் கொடுக்கும் அன்றே புரோநோட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், “அப்புறம் தேடித் தருகிறேன்” என்றால் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு காத்திருங்கள்.