கூலி உயர்வு கேட்ட தலித் கூலியாட்களின் குடும்பங்கள் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணிப் படுகொலையை ஒன்பதாம் வகுப்பில் நாடகமாக நடிக்க வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா?

வேண்டாம். நாகை, திருவாரூர்ப் பக்கத்தில் பண்ணையார் வேஷம் யாருக்கு, கூலியாள் வேஷம் யாருக்கு என்று பிரிக்கும்போதே யார் எந்தத் தெரு என்பது வெளியே வந்துவிடும். இடைவேளையில் அதுவே கிண்டலாகும்.

இரண்டு பாடவேளை போதும். முதலாவதில் கூலி மட்டும். அரைப்படி நெல்லை அளந்து மேசையில் கொட்டுங்கள். கூலியாட்கள் கூடுதலாகக் கேட்டது இவ்வளவுதான் என்று பிள்ளைகள் அள்ளிப் பார்க்கட்டும். அடுத்ததில் 1968 டிசம்பர் 25: குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேர், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். நினைவிடத்தில் உள்ள பெயர்களை வாசிக்கச் சொல்லுங்கள். எரிந்த உடல்களின் படம் வேண்டவே வேண்டாம். பயந்த பிள்ளை யோசிக்காது. 1973இல் உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்ததையும் மறைக்காதீர்கள், கேள்விகள் அங்கேதான் கிளம்பும். இனப்படுகொலையா என்று கேட்டால், 1948 ஐ.நா. இனப்படுகொலை உடன்படிக்கையின் வரையறையைக் கரும்பலகையில் எழுதி, அவர்களையே வாதாட விடுங்கள்.