மருத்துவர் சங்கக் கிளை: தலைவர், செயலாளர், பொருளாளர் யார் என்ன செய்ய வேண்டும்?

புதிதாகப் பொறுப்பேற்ற கிளை நிர்வாகிகள் அனுப்பிய கேள்விகள் இவை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி பதிவான கிளைகளுக்கே இந்தப் பதில்கள் பொருந்தும். உங்கள் பைலாவையும் (சங்கத்தின் துணை விதிகள்) பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: தலைவருக்கும் செயலாளருக்கும் அடிக்கடி உரசல். யார் பேச்சு செல்லும்?

கூட்டத்தை நடத்துவதும், சங்கத்தின் குரலாக வெளியே பேசுவதும் தலைவர் வேலை. நோட்டீஸ், தீர்மானப் புத்தகம், கடிதப் போக்குவரத்து, பதிவாளர் அலுவலகம் எல்லாம் செயலாளருடையவை. செயற்குழு முடிவெடுக்காத ஒன்றை இருவருமே செய்யக் கூடாது. அவசரத்துக்குத் தலைவர் எடுத்த முடிவை அடுத்த செயற்குழுவில் வைத்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோரும் கட்டைவிரல் காட்டியது தீர்மானம் ஆகாது.

கேள்வி: பதவியேற்பு விழா முடிந்து இரண்டு மாதமாகியும் வங்கியில் பழைய பொருளாளர் கையெழுத்துதான் செல்கிறது. என்ன செய்வது?

விழா நடந்ததை வங்கி எப்படி அறியும்? அதற்கு வேண்டியது தீர்மான நகல். பெரும்பாலான கிளைகள் 'புதியவர்கள் கையெழுத்திடுவார்கள்' என்று மட்டும் எழுதி அனுப்புகின்றன. 'முந்தைய கையெழுத்து அதிகாரம் இன்ன தேதியோடு ரத்து' என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். மூவரில் எந்த இருவர் கையெழுத்து செல்லும் என்பதையும் பெயரோடு குறிப்பிடுங்கள். இணையவழிப் பரிமாற்றத்துக்குப் பதிவான கைபேசி எண்ணை மாற்ற மறந்தால் ஓடிபி பழையவருக்கே போகும். பாதிக் கிளைகளில் இதுதான் சிக்கல்.

கூடவே நிர்வாகிகள் மாற்றத்தைப் படிவம் 7-ல் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். அது நிலுவையில் கிடந்தால், பின்னாளில் போட்டிக் குழு ஒன்று கிளம்பும்போது பதிவேட்டில் இருப்பது பழைய பெயர்களாகவே இருக்கும்.

பொறுப்பு ஒப்படைப்பைப் பட்டியல் எழுதி, இருதரப்பும் கையெழுத்திட்டு முடியுங்கள்: தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, ரசீதுப் புத்தகங்கள் (பயன்படுத்தாதவை உட்பட, எண்களோடு), வைப்பு நிதி ரசீதுகள், பான் அட்டை, மின்னஞ்சல் கடவுச்சொல், கட்டடம் இருந்தால் பத்திரம்.

கேள்வி: தீர்மானப் புத்தகத்தில் எவ்வளவு எழுத வேண்டும்?

விவாதம் முழுவதும் வேண்டாம். வந்தவர் பெயர், குறைவெண் வரம்பு (கோரம், கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை) நிறைவானதா, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், முடிவு, தொகை, எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னவர் பெயர் இருந்தால் போதும். பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டு நல்லது. தட்டச்சு செய்து ஒட்டினால் ஒட்டிய ஓரத்தின் மேலேயே கையெழுத்து விழ வேண்டும். இல்லையென்றால் பக்கத்தை மாற்றிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல முடியாது.

பைலாவைத் திருத்துவதாக இருந்தால் சாதாரணத் தீர்மானம் போதாது. திருத்தத்தின் வாசகத்தோடு 21 நாள் நோட்டீஸ் கொடுத்து, நான்கில் மூன்று பங்கு ஆதரவு பெற்ற சிறப்புத் தீர்மானம் வேண்டும்.

கேள்வி: சி.எம்.இ.க்கு (தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சி) மருந்து நிறுவனத்திடம் பணம் வாங்கலாமா?

2002-ன் மருத்துவர் நடத்தை விதிகளில் 2009-ல் சேர்ந்த பிரிவு 6.8, மருந்து நிறுவனத்திடம் பரிசு, பயணம், விருந்தோம்பல் பெறுவதைத் தடுக்கிறது. 2016 திருத்தம் அந்தப் பிரிவிலிருந்து மருத்துவர் சங்கங்களை நீக்கி, தனி மருத்துவரோடு நிறுத்திவிட்டது. இதை வைத்துச் 'சங்கத்தை யாரும் கேட்பாரில்லை' என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தப்புக்கணக்கு. 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நடைமுறை நெறிமுறை (UCPMP) நிறுவனத்தின் பக்கமிருந்து பிடிக்கிறது: வெளிநாட்டில் நிகழ்ச்சி கூடாது, செலவு விவரத்தை நிறுவனம் வெளியிட வேண்டும்.

ஆகவே நிகழ்ச்சி அரங்கில் நிறுவனம் வைக்கும் ஸ்டாலுக்கான கட்டணமாகவே வாங்குங்கள். கடிதம், விலைப்பட்டியல் கொடுத்து, சங்கத்தின் பான் எண்ணில் உள்ள கணக்குக்கே பணம் வரட்டும். ஓட்டல்காரருக்கு நிறுவனமே நேராகக் கொடுத்துவிட்டால் சங்கக் கணக்கில் அது தெரியாது. தணிக்கையில் பொருளாளர்தான் விழிப்பார். தலைப்பையும் பேச்சாளரையும் கல்விக் குழு முடிவு செய்யட்டும். ஒரு பேச்சாளருக்கு ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் போனால் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு.

பங்கேற்கும் மருத்துவர்களுக்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தரும் கிரெடிட் புள்ளிக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஒரு மருத்துவருக்கு ஐந்தாண்டுக்கு 30 கிரெடிட் மணி நேரம் என்பது விதி. வருகைப் பதிவேடு ஒழுங்காக இல்லையென்றால் நாள் முழுக்க உட்கார்ந்தவரும் புள்ளியை இழப்பார்.

கேள்வி: மாநாட்டுக்கென்று தனிக் கணக்கு?

மாநாட்டை நடத்தும் அமைப்புச் செயலாளர் சொந்தப் பெயரில் தொடங்கவே கூடாது. அந்த வரவு அவர் வருமானமாகத் தெரியும். சங்கத்தின் பெயரில் துணைக் கணக்கு வையுங்கள். மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டுமானால் ஜிஎஸ்டி பற்றித் தணிக்கையாளரிடம் முதலிலேயே பேசுங்கள். உறுப்பினர்களிடம் வாங்கும் தொகைக்கு வரி உண்டா என்பது வழக்காடப்பட்ட விஷயம். இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை தொடுத்த வழக்கில் 2025-ல் கேரள உயர் நீதிமன்றம் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதை நம்பி ஸ்டால் கட்டணத்தையும் விட்டுவிடாதீர்கள். அது வெளியாரிடம் வாங்குவது.

கேள்வி: உறுப்பினரின் மருத்துவமனையில் தாக்குதல். கிளை முதலில் என்ன செய்ய வேண்டும்?

செயலாளர் நேரில் போக வேண்டும். கேமரா பதிவு மேலெழுதப்படும் முன் நகலெடுப்பது, காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் பதிவு போடுவது, பிறகு புகார். புகாரிலேயே தமிழ்நாட்டின் 2008-ம் ஆண்டு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். எப்ஐஆரில் அது இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பத்திரிகையிடம் தலைவர் மட்டும் பேசட்டும். நோயாளி இறந்திருந்தாலும் அவருடைய சிகிச்சை விவரத்தை யாரும் வெளியிடக் கூடாது.

கேள்வி: ஓட்டு சமமானால் தலைவருக்கு இரண்டாவது ஓட்டு உண்டா?

பைலா கொடுத்திருந்தால் உண்டு.

கேள்வி: ஒரே செயற்குழு ஐந்தாவது ஆண்டாகத் தொடர்கிறது. தேர்தலுக்கு யாரும் நிற்பதில்லை.

சட்டப்படி செயற்குழுவின் காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆள் மாற வேண்டியதில்லை, ஆனால் தேர்தல் நடவடிக்கை நடந்தாக வேண்டும். அறிவிப்பு, வேட்புமனு, போட்டியின்றித் தேர்வு என்ற அறிவிப்பு எல்லாம் பொதுக்குழுவில் பதிவாகட்டும். போட்டியிடாத மூத்த உறுப்பினர் ஒருவரைத் தேர்தல் அதிகாரியாக நியமியுங்கள்.