விற்கும் வரை காலியாகக் கிடக்கும் வீட்டுக்குப் பழைய இன்ஷூரன்ஸ் போதுமா?

கேள்வி இதுதான்: மிச்சிகனிலிருந்து வட கரோலினாவுக்கு வேலை மாற்றம், நவம்பரில் கிளம்புகிறார்கள், வீடு விற்பனைக்குப் போட்டாயிற்று, ஜூன் வரை இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறார்கள், அது போதும்தானே?

போதாது. தயவுசெய்து கிளம்புவதற்கு முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள்.

2022-இல் நாங்களும் இதே நிலைமையில்தான் இருந்தோம். ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கம் வீடு, எனக்கு டாலஸில் வேலை. செப்டம்பர் கடைசியில் சாமான் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம். அதற்கு முந்தைய வருடம் எங்கள் தெருவில் சனிக்கிழமை போர்டு நட்டால் திங்கட்கிழமை ஆஃபர் வந்துவிடும். நாங்கள் விற்க வந்த நேரம், அக்டோபர் கடைசியில் 30 வருட மார்ட்கேஜ் வட்டி 7 சதவீதத்தைத் தாண்டியது. வீட்டை வாங்கப் பேசி முடித்திருந்தவர், இந்த வட்டிக்கு மாதத் தவணை கட்டுப்படியாகாது என்று விலகிவிட்டார். இரண்டு வாரம் காலியாக இருக்கும் என்று நினைத்த வீடு குளிர்காலம் முழுக்கக் காலியாகக் கிடந்தது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஃபோன் செய்து கேட்டேன். எடுத்தவர், "பாலிசி ஆக்டிவாக இருக்கிறது, பிரீமியம் பாக்கி இல்லை, கவலைப்படாதீர்கள்" என்றார். அவர் சொன்னது உண்மைதான், பாலிசி ஆக்டிவ்தான். ஆனால் எது நடந்தால் பணம் வரும் என்பது வேறு விஷயம். அன்று ராத்திரி உட்கார்ந்து பாலிசியை முழுசாகப் படித்தேன். கல்லெறிதல், உடைத்துப் போடுதல் மாதிரி யாராவது வேண்டுமென்றே செய்யும் சேதம், கண்ணாடி உடைவது, இதற்கெல்லாம் வீடு தொடர்ந்து 60 நாளுக்கு மேல் காலியாக இருந்திருந்தால் பணம் கிடையாது என்று எழுதியிருந்தது. அமெரிக்காவில் சாதாரணமாக விற்கும் வீட்டு பாலிசிகள் பலவற்றில் இந்த 60 நாள் கணக்கு இருக்கிறது, 30 நாள் போட்டவையும் உண்டு. குழாய் உறைந்து வெடித்தால், வீட்டில் ஹீட் ஓடியது என்றோ தண்ணீரை அடைத்து வடித்துவிட்டோம் என்றோ காட்ட வேண்டும். கிளெய்ம் போட்டால், ஹீட் ஓடியதா என்று பார்க்க கேஸ் பில்லைக் கேட்பார்கள்.

இன்னொன்று, காலி என்பதிலேயே பாலிசியில் இரண்டு வகை உண்டு: 'வேகன்ட்' வேறு, 'அன்ஆக்குபைடு' வேறு. கட்டிலும் சோபாவும் அடுப்படிச் சாமானும் அப்படியே இருக்க, ஆள் மட்டும் ஊருக்குப் போயிருந்தால் அது அன்ஆக்குபைடு. ஆளும் இல்லை, குடும்பம் நடத்தத் தேவையான சாமானும் இல்லை என்றால் வேகன்ட். ஒரு சோபாவையும் திரைச்சீலையையும் விட்டுவிட்டு வந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பி இருக்காதீர்கள்.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். வீடு காலி, இந்தத் தேதியிலிருந்து காலி என்று ஏஜென்டுக்கு ஈமெயிலில் எழுதினேன் (ஃபோனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது). சில கம்பெனிகள் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு, வீடு காலியாக இருக்கலாம் என்ற அனுமதியை ஏற்கெனவே உள்ள பாலிசியிலேயே எழுதிக் கொடுக்கும். எங்கள் கம்பெனி கொடுக்கவில்லை. ஏஜென்ட் காலி வீட்டுக்கென்றே உள்ள ஒரு பாலிசியை ஆறு மாதத்துக்கு வாங்கிக் கொடுத்தார். பழையது வருடத்துக்கு 1,100 டாலர், இது ஆறு மாதத்துக்கே 1,050. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது எங்கள் சேமிப்பில் முக்கால்வாசி அந்த வீட்டில்தான் இருந்தது.

இந்த பாலிசிகளை வாங்கும்போது வரி வரியாகப் பாருங்கள். பெரும்பாலும் தீ, மின்னல், புயல்காற்று என்று பெயர் போட்டு எழுதியிருப்பதற்கு மட்டும்தான் பணம் வரும். அதுவும் பல பாலிசிகளில் தேய்மானம் கழித்துத்தான் வரும், 15 வருடக் கூரை பறந்தால் புதுக் கூரை போடும் பணம் வராது. வீடு பார்க்க வருகிறவர் வாசல் பனியில் வழுக்கி விழுந்து கேஸ் போட்டால் என்ன ஆகும் என்பதற்கான லயபிலிட்டி பகுதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கலாம், அதை விடவே விடாதீர்கள். ஒரு மாதத்திலேயே வீடு விற்றுவிட்டாலும் பிரீமியத்தில் குறைந்தது 25 சதவீதத்தைக் கம்பெனியே வைத்துக்கொள்ளும் என்ற மாதிரி நிபந்தனையும் இருக்கலாம். மார்ட்கேஜ் பாக்கி இருந்து, எஸ்க்ரோவிலிருந்து (மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி, வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் பேங்க் ஒதுக்கி வைக்கும் கணக்கு) பிரீமியம் போகிறதென்றால் பாலிசி மாறியதை பேங்குக்கும் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் விட்டுப்போனது என்று அவர்கள் கணக்கில் ஏறினால், அவர்களே ஒன்றை எடுத்து உங்கள் தலையில் கட்டுவார்கள். அது விலையும் அதிகம், முக்கியமாகக் காப்பாற்றுவது அவர்கள் கடனைத்தான்.

எங்கள் புது பாலிசியில் குழாய் வெடிப்புக்குப் பணமே கிடையாது. அதனால் பிளம்பரைக் கூப்பிட்டு வீட்டை வின்டரைஸ் செய்தோம், அதாவது குளிரில் உறைய குழாய்களில் தண்ணீரே இல்லாமல் செய்தோம். பேஸ்மென்டில் மெயின் வால்வை அடைத்து, வாட்டர் ஹீட்டரை வடித்து, ஒவ்வொரு குழாயையும் திறந்துவிட்டு கம்ப்ரஸரால் காற்றை ஊதினார். குழாய் வாய்களில் முதலில் தண்ணீர் சீறியது, அப்புறம் துப்பல் துப்பலாக வந்து, கடைசியில் வெறும் காற்று. பிறகு சிங்க், ஷவர், டாய்லெட் எல்லாவற்றின் வளைகுழாயிலும் ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸை ஊற்றி, டாய்லெட் மூடியில் உபயோகிக்க வேண்டாம் என்று ஸ்டிக்கர் ஒட்டினார். அதற்குப் பிறகும் தெர்மோஸ்டாட்டை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஓடவிட்டோம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வாரம் ஒருமுறை உள்ளே போய், தேதி தெரிகிற மாதிரி நாலு போட்டோ எடுத்து அனுப்புவார்.

அந்த டிசம்பர் 23-ஆம் தேதி பெருங்குளிர் வந்தது. கொலம்பஸில் ஃபாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே போனது. எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு தெரு தள்ளி எங்கள் நண்பர் ஒருவருடைய வீடும் எங்கள் வீட்டைப் போலவே விற்பனைக்குக் காத்துக்கொண்டு காலியாக இருந்தது. கேஸ் பில்லை மிச்சப்படுத்த, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை அணைத்துவிட்டு, தண்ணீரை மட்டும் அடைக்காமல் போயிருந்தார். மாடி பாத்ரூம் சுவருக்குள் குழாய் வெடித்து, எத்தனை நாள் ஓடியதென்றே தெரியாது. அவருக்காக நான் போய்ப் பார்த்தேன். ஹால் சீலிங் ஊறித் தொங்கி, பாதி கார்பெட் மேல் விழுந்து கிடந்தது. மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் தண்ணீர் வழிந்த வாக்கிலேயே உறைந்து கண்ணாடி மாதிரி நின்றது. ஹீட் ஓடவில்லை என்று கேஸ் பில்லே காட்டிக் கொடுத்ததால் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்த்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வட கரோலினாவுக்குப் போகிற உங்களுக்கு அங்கே குளிர் தெரியாது, மிச்சிகன் வீட்டின் ஞாபகமும் குறைந்துவிடும்.

எங்களுக்குப் பிப்ரவரியில் ஆள் கிடைத்தார். வாங்குகிறவர் ஆள் வைத்து வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்ஷனுக்குத் தண்ணீர் ஓட வேண்டும், அதற்கு பிளம்பர் மறுபடி வந்து திறந்துவிட வேண்டும், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள். க்ளோசிங் தேதி, அதாவது கையெழுத்துப் போட்டு வீட்டைக் கைமாற்றும் நாள், இரண்டு முறை தள்ளிப்போனது. தேதி சொல்லிவிட்டார்களே என்று பாலிசியை முன்கூட்டி ரத்து செய்யாதீர்கள். பத்திரம் பதிவாகி, பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகு ஏஜென்டுக்கு எழுதுங்கள், மீதிப் பிரீமியம் திரும்ப வரும்.

இந்த வாரமே ஏஜென்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை நாளுக்குப் பிறகு என் வீடு காலி என்று கணக்காகும், அதற்குப் பிறகு எதற்கெல்லாம் பணம் வராது, காலியாக இருக்க அனுமதியை எழுத்தில் தருவீர்களா. பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். மிச்சிகனில் பிளம்பர்களுக்கு நவம்பரில் வேலை குவிந்துவிடும், அவருக்கும் இன்றைக்கே ஃபோன் போட்டு நாள் குறித்துவிடுங்கள்.