பழைய பின்பால் டேபிளை வீட்டு டிவியில ஆடினா அசல் மாதிரி இருக்குமா?

பந்து ஓடுறது, ஃப்ளிப்பர் (பந்தைத் தட்டுற கை) அடிக்கிறது எல்லாம் நல்லாவே வந்திருக்கு, ஆனா மெஷினை இடுப்பால லேசா தள்ளி பந்தை திருப்புற சுகம் கன்ட்ரோலர்ல வராது (ஓவரா தள்ளினா டில்ட் ஆகி ஃப்ளிப்பர் வேலை செய்யாம போறது மட்டும் கேம்லயும் உண்டு). 1992ல வந்த ஆடம்ஸ் ஃபேமிலி 20,000க்கு மேல வித்த மெஷின், சென்னையில அதை எங்க போய் தேடுறது, பின்பால் எஃப்எக்ஸ்ங்கிற வீடியோ கேம்ல வாங்கி ஆடிக்கலாம். 2018ல வில்லியம்ஸ் கம்பெனி டேபிள்களோட லைசென்ஸ் ஃபார்சைட் கிட்டேர்ந்து, பின்பால் எஃப்எக்ஸ் பண்ற ஜென் ஸ்டூடியோஸுக்கு போயிடுச்சு, அதனால ஃபார்சைட்டோட பழைய கேமான பின்பால் ஆர்கேட்ல அந்த டேபிள்களை இப்ப புதுசா வாங்க முடியாது.

டிவியில கேம் மோட் கண்டிப்பா போடுங்க, இல்லன்னா பட்டன் அழுத்தினப்புறம் ஃப்ளிப்பர் லேட்டாதான் எழும்பும், அதுக்குள்ள பந்து போச்சு. பிசி இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய மானிட்டர் ஒண்ணு வாங்கி செங்குத்தா நிறுத்துங்க, டேபிள் முழுசா பெருசா தெரியும். பிசில பின்பால் ஆடுற விஷுவல் பின்பால்ங்கிற சாஃப்ட்வேர் ஃப்ரீதான், ஆனா செட்டப் பண்றதுக்குள்ள தாவு தீந்துடும்.