முற்றத்துக்குக் குருவி திரும்பி வருமா?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பூர்வீக வளவு வீட்டை, அதாவது நடுவில் முற்றம் உள்ள வீட்டை, புதுப்பித்தோம். புறாத் தொல்லைக்காக முற்றத்தின் மேல் நெருக்கமான கம்பிவலை அடித்தோம். பின்கட்டு மண்தரைக்கு சிமெண்ட் போட்டோம். அதற்கப்புறம் சிட்டுக்குருவிகளைக் காணோம். இரண்டு மரக்கூண்டு மாட்டி ஆறு மாதமாகியும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. செல்போன் டவர்தான் காரணமா?

பதில்: டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 2020-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையின்படி, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. சென்னை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. அங்கே நடப்பதுதான் 2024-ல் மாநகராட்சியான உங்கள் ஊரிலும், உங்கள் வீட்டிலும் நடக்கிறது.

பழைய வீட்டில் உத்திரத்து இடுக்கு, ஓட்டுச் சந்து, சாமி படத்தின் பின்புறம் எல்லாம் குருவிக்கு வீடு. வளவில் காயும் நெல் அதற்குத் தீனி. பூசி மெழுகிய சுவரில் அந்தச் சந்துகள் இல்லை. புறா பாறை விளிம்பில் கூடு கட்டிய பறவை என்பதால், சன்ஷேடும் ஏசி மேடையும் அதற்குத் தாராளம். நகரம் வளர வளர ஒன்று பெருகுவதும் மற்றொன்று ஒதுங்குவதும் இதனால்தான்.

முதலில் வலையை மாற்றுங்கள். கண் 5 செ.மீ. இருந்தால் புறா நுழையாது, குருவி தாராளமாக வந்துபோகும்.

அடுத்தது பின்கட்டு. கூண்டு மாட்டும் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பெரிய குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கு, முக்கியமாக முதல் சில நாள், புழுவும் பூச்சியும்தான் வேண்டும். அரிசி மட்டும் போட்டால் குஞ்சு பிழைக்காது. சிமெண்டில் ஒரு பகுதியையாவது பெயர்த்து மண்ணாக விடுங்கள். மருதாணியும் செம்பருத்தியும் புதராக வளரட்டும், பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். புழுதிக் குளியலுக்கும் அந்த மண் உதவும். பக்கத்தில் அகல மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள்.

கூண்டின் துளை 3.2 செ.மீ. போதும், பெரிதாக இருந்தால் மைனா பிடித்துக்கொள்ளும். பத்தடி உயரத்தில், நிழலில், பூனை எட்டாத இடத்தில் இருக்கட்டும். குருவி கூட்டமாக வாழ்வது, அதனால் நான்கைந்து கூண்டுகளை அருகருகே மாட்டுங்கள். மின்விசிறிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், அடிபட்டுச் சாகும்.

முட்டையிட்டுக் குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதம். உங்கள் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில் 2020-ல் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு பறவை கூடு கட்டியபோது, ஊரார் ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கே போடவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அந்த ஒரு மாதம் உங்கள் வளவிலும் வெள்ளையடிப்பு, ஒட்டடை அடிப்பு வேண்டாம்.

சரி, எப்போது வரும்? குருவி தூரம் போகிற பறவை அல்ல. பக்கத்துத் தெருவிலோ அரிசிக்கடை வாசலிலோ குருவி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த இனப்பெருக்கத்துக்குள் ஓர் ஆண்குருவி கூண்டு வாசலில் உட்கார்ந்து கத்த நல்ல வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் உங்கள் வீடு மட்டும் மாறினால் போதாது, தெருவில் இன்னும் நாலு வீட்டாரிடம் பேசுங்கள்.