ஆன்லைன் சுடும் விளையாட்டுகளில் மேப்பைக் கற்றுக்கொள்வது எப்படி? எப்போதும் முதலில் சாவது நான்தான்!

கேள்வியின் விளக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது இது: ஐவர் ஐவராக மோதும் வேலரண்ட் என்ற சுடும் விளையாட்டை ஆடி நான்கு மாதமாகிறது, குறி ஓரளவு வந்துவிட்டது, மேப், அதாவது ஆட்டக்களம், மட்டும் மண்டையில் ஏறவில்லை. யூடியூபில் மேப் வீடியோக்களைப் பார்த்தும் பலனில்லை. தெரியாத நான்கு பேரோடு சேர்ந்து ஆடும்போது, எந்த மொழியில் பேசுவது என்ற தயக்கத்தில் வாயே திறப்பதில்லை.

கடைசி வரியில்தான் உங்கள் பிரச்சினை இருக்கிறது என்று நினைக்கிறேன். வாய் திறக்காததால்தான் மேப் ஏறவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். பையன்களாக இருந்தபோது நாங்கள் ஐந்து பேர் பள்ளி விட்டதும் சீருடையை மாற்றிக்கொண்டு சைக்கிளில் டவுனுக்குப் போவோம். முடிவெட்டும் கடைக்கு மேல் மாடியில் ஒரு சைபர் கஃபே. மணிக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்). குண்டு வைக்கும் தரப்பும் அதைத் தடுக்கும் போலீஸ் தரப்பும் மோதும் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6, அதிலும் பெரும்பாலும் டஸ்ட் 2. டேவ் ஜான்ஸ்டன் என்பவர் வடிவமைத்து 2001இல் வெளியான மேப் அது. இன்றைக்கும் கவுண்டர் ஸ்ட்ரைக் 2இல் அதன் உருவம் பெரிதாக மாறவில்லை. அங்கே குண்டு வைக்க இரண்டு இடங்கள், ஏ, பி. ஏவுக்கு ஒரு நீளமான ரோடு, பிக்கு ஒரு சுரங்கம், இரண்டுக்கும் நடுவில் பெரிய கதவு வைத்த ஒரு பாதை. நடுப்பாதையில் இருந்து படிக்கட்டுப் பக்கம் ஏறினாலும் ஏவுக்குப் போய்விடலாம். சொல்லப்போனால் அவ்வளவுதான்.

இந்த இடங்களுக்கெல்லாம் உலகம் முழுக்க ஆங்கிலப் பெயர்கள் இருப்பது எங்களுக்குத் தெரியாது. நாங்களாகப் பெயர் வைத்தோம், தோட்டத்தில் இருந்ததையே எடுத்து. நீள ரோடு லோரி ரோடு ஆனது, செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றிக்கொண்டு லோரி போகும் ரோட்டைப் போல இருந்ததால். அதன் கோடியில் உள்ள குழி, பாசாக்காடு, தோட்டத்தின் சதுப்பு நிலம். சுரங்கம் சாக்கடை. போலீஸ் தரப்பு புறப்படும் இடம் ஆபீஸ், கிராணி (தோட்டத்து எழுத்தர்) எந்த நேரத்தில் வெளியே வருவார் என்று சொல்லமுடியாத இடம் என்பதால். பி இடத்துக்கு ஆயாக்கொட்டகை என்று பெயர். பால்மரம் (ரப்பர்) வெட்டப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் கொட்டகை அது. எங்கள் காலத்தில் தோட்டம் முழுக்கச் செம்பனை ஆகிவிட்டது, கொட்டகை மட்டும் காலியாக நின்றுகொண்டிருந்தது. பி இடத்தின் சுவரைப் பார்த்ததும் ஒருத்தன் அப்படிச் சொன்னான், அதுவே ஒட்டிக்கொண்டது.

பெயர் வைப்பதற்கு முன்பு எங்கள் ஆட்டம் எப்படி இருந்தது தெரியுமா? "அங்க, அங்க! டேய், அங்கடா!" எங்கே? அவனுடைய திரையில் அது "அங்க". என் திரையில் எதுவுமில்லை. நான் திரும்பி அவன் திரையை எட்டிப் பார்ப்பதற்குள் நானும் காலி. பெயர் வைத்த பிறகு "லோரி ரோட்டுல ரெண்டு பேரு" என்றால் போதும். ஐந்து பேருக்கும் ஒரே படம் தெரியும். மேப் கற்றுக்கொண்டோம் என்று நான் சொல்வது அந்த நாளைத்தான். அதற்கு முன்பே எல்லாச் சந்தும் காலுக்குத் தெரியும், ஆனால் அது உதவவே இல்லை.

அப்புறம் ஈப்போவில் ஒரு கடையில் சின்னப் போட்டி. நுழைவுக் கட்டணம் ஆளுக்குப் பத்து வெள்ளி. எங்களில் ஒருத்தனுக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை, அதனால் டவுனில் எங்களோடு ஆடும் மலாய் நண்பன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டோம். எங்களைவிட நன்றாகச் சுடுவான். முதல் ஆட்டத்தில் பி பக்கம் அவன் காவல். எதிரிகள் சாக்கடை வழியாக வருவதைக் கண்டதும் எங்கள் ஆள் கத்தினான்: "ஆயா! ஆயா! நாலு பேரு!"

மலாயில் 'ஆயா' என்றால் அப்பா. இந்த நண்பனின் அப்பாவோ ஏற்கெனவே இரண்டு முறை கடைக்கே வந்து காதைப் பிடித்து இழுத்துப் போனவர். பையன் சட்டென்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாசலைப் பார்த்தான். திரும்பி வரும்போது குண்டு வைத்தாகிவிட்டது.

அந்த ஆட்டம் தோற்றோம், அடுத்ததும் தோற்றோம். பேருந்தில் திரும்பும்போது சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, எங்கள் மேப் எங்கள் ஐந்து பேர் தலைக்குள் மட்டும் இருந்த மேப். ஆறாவது ஆளுக்கு அது வெறும் சத்தம்.

இப்போது உங்கள் வேலரண்டுக்கு வருகிறேன். விளையாட்டின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்), திரை மூலையில் தெரியும் குட்டி மேப்பான மினிமேப்பில் இடப்பெயர்களை எப்போதும் காட்டு என்று ஒரு தேர்வு இருக்கும், அதை முதலில் போடுங்கள். பிறகு நீங்களே அமைக்கும் தனி ஆட்டமான கஸ்டம் கேம் திறந்து, யாரும் இல்லாத மேப்பில், ஒரே ஒரு நண்பனோடு நடங்கள். துப்பாக்கி வேண்டாம். நீங்கள் எங்காவது போய் ஒளிந்துகொண்டு அந்த இடத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள், அவன் வந்து கண்டுபிடிக்கட்டும். பிறகு மாற்றி. நாங்கள் இதைக் கண்ணாமூச்சி போலவே ஆடினோம். ஒரு மேப்புக்கு அரை மணி நேரம் போதும். ஒரு வாரம் வீடியோ பார்த்தால் வராதது இதில் வரும், ஏனென்றால் வீடியோ பார்க்கும்போது நீங்கள் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா மேப்பையும் ஒரே சமயத்தில் தொடாதீர்கள். அசெண்ட் என்ற மேப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன், நடுப்பாதை உள்ள சாதாரண வடிவம். பைண்டில் நடுப்பாதையே கிடையாது, அதற்குப் பதில் ஒருவழியாகத் தூக்கிப்போடும் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஹேவனில் ஸ்பைக் (வேலரண்டில் குண்டுக்குப் பெயர்) வைக்க மூன்று இடங்கள், காக்க ஐந்தே பேர். அதாவது எப்படி நின்றாலும் எங்காவது ஒருவர் தனியாக நிற்பார், அவர் வாய் பேசினால்தான் மற்ற நால்வருக்கும் கண். ஊமையாக இருப்பவர்களுக்கு ஹேவன் நரகம்.

அடுத்தது நேரம். என் தாத்தா பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னே தலையில் விளக்கும் தோளில் பால் சேர்க்கும் காண்டா வாளியுமாகப் போவார். எந்த நெரையில் (மர வரிசையில்) நிற்கிறோம் என்பதை இருட்டில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "எத்தனை மரம் வெட்டினேன்னு கைக்குத் தெரியும்டா" என்றார். விளையாட்டிலும் அந்தக் கணக்குதான் வேண்டும். புறப்படும் இடத்தில் இருந்து ஒவ்வொரு முனைக்கும் ஓடிப்பாருங்கள், வாய்விட்டு எண்ணுங்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு. எதிரணியின் பக்கத்தில் இருந்தும் அதே போல எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையும் எங்கே சந்திக்கிறதோ அங்கேதான் முதல் சண்டை நடக்கும். நீங்கள் எப்போதும் முதலில் சாவதாகச் சொல்கிறீர்கள் அல்லவா, பெரும்பாலும் அவர்களுக்கு ஒரு நொடி பிந்தி அந்த மூலைக்குப் போய்ச் சேர்கிறீர்கள், அவ்வளவுதான். ஒன்று முந்திப் போங்கள், அல்லது போகவே போகாதீர்கள்.

ஸ்பைக்குக்கும் இதே கணக்கு. வைத்தபின் 45 நொடியில் வெடிக்கும். செயலிழக்கச் செய்ய 7 நொடி, பாதி தாண்டியபின் விட்டாலும் அந்தப் பாதி நிற்கும். ஆக மேப்பின் மறுகோடியில் இருந்து நடந்து வர எத்தனை நொடி என்று தெரியாவிட்டால், திரும்பிப் போவதா அடுத்த சுற்றுக்குத் துப்பாக்கியைக் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்குவதா என்ற முடிவை எடுக்கவே முடியாது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2இல் குண்டுக்கு 40 நொடி, செயலிழக்கச் செய்ய அதற்கான கருவி இல்லாமல் 10, கருவி இருந்தால் 5. நல்ல அணிகள் பதற்றமில்லாமல் ஆடுவது போலத் தெரிவதற்குக் காரணம் தைரியம் என்று நினைத்திருந்தேன். கணக்குதான்.

காது பற்றிச் சின்னதாக ஒன்று. நான் வழக்கமாக உட்காரும் கணினியில் ஹெட்போனின் இடது பக்கம் வேலை செய்யாது. கடை முதலாளியான தௌக்கேயிடம் பல முறை சொல்லியும் மாற்றவில்லை. மாதக்கணக்கில் எனக்கு உலகத்தின் இடது பக்கமே அமைதி. இடப்பக்கச் சந்துகளில் வந்தவன் எல்லாம் என்னை அடித்தான். பிறகு ஒருநாள் வேறு இடத்தில் உட்கார்ந்தபோது, மேப்பின் பாதியை முதல் தடவையாகக் கேட்டேன். ஓடினால் சத்தம், ஷிஃப்டை அழுத்தி நடந்தால் சத்தமில்லை. பைண்டின் அந்த வாசல்களில் யாராவது புகுந்தால் ஊருக்கே கேட்கும். நல்ல மௌஸ் வாங்கும் காசை முதலில் ஹெட்போனுக்குப் போடுங்கள்.

சரி, பேச்சு. தெரியாதவர்களோடு என்ன பேசுவது? குறைவாகப் பேசுவது. இடம், எத்தனை பேர், என்ன செய்கிறார்கள். மூன்று சொல்லில் முடிய வேண்டும். செத்தவுடன் நீங்கள் சொல்லும் தகவல்தான் அந்தச் சுற்றின் விலை உயர்ந்த தகவல், அதை "சே, லேக்" என்று வீணடிக்காதீர்கள். உங்களைச் சுட்டவன் எங்கே நின்றான், அவனுக்கு எவ்வளவு அடி விழுந்திருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு மூடிக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவனுக்குக் காலடிச் சத்தம் கேட்க வேண்டும். செத்தபின் பயிற்சியாளராக மாறுபவர்கள்தான் அதிகம் ஆட்டம் கெடுக்கிறார்கள். எங்கள் ஐவரில் அது நான்தான் என்று மற்ற நால்வரும் சத்தியம் செய்வார்கள்.

இன்னொன்று, முன்னே போகிறவனுக்கு எவ்வளவு பின்னால் நிற்பது என்பது. ஒட்டி நின்றால் ஒரே தோட்டா மழையில் இருவரும் சாவீர்கள். தள்ளி நின்றால் அவன் சாவது வீண். அவனைச் சுட்டவன் மறுபடி குறிவைப்பதற்குள் நீங்கள் அந்த எதிரியைச் சுட்டாக வேண்டும், அந்தத் தூரம். செம்பனைக் குலை வெட்டும் இடத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர் நிற்கிற தூரம் என்று என் அப்பா சொன்னால் எனக்குப் புரியும். விழுகிற குலைக்கு அடியில் நிற்கமாட்டார், அடுத்த நெரையிலும் நிற்கமாட்டார்.

இப்போது என் அக்கா பிள்ளைகள் ஆடுவது, கைப்பேசியில் ஐவர் ஐவராக மோதும் மொபைல் லெஜண்ட்ஸ்தான். 2016இல் வந்த அந்த விளையாட்டு எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளை எல்லாம் சைபர் கஃபே ஆக்கிவிட்டது. 2019இல் அதன் முதல் உலகப் போட்டி கோலாலம்பூரில்தான் நடந்தது. 2024இல் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி ரியாத்தில் கோப்பை வென்றபோது என் மருமகன் நாள் முழுக்க அதையே பேசினான். அதில் மேப் ஒன்றேதான், மூன்று பாதையும் காடும். ஒரே நாளில் மனப்பாடம் ஆகிவிடும். கற்க வேண்டியது கடிகாரம். அடித்தால் அணிக்குப் பலன் தரும் இரண்டு பெரிய மிருகங்கள் உண்டு: ஆமை 2வது நிமிடத்தில், லார்ட் 8வது நிமிடத்தில் வரும். அதற்குக் கொஞ்சம் முன்பே அங்கே நிற்கிற ஐந்து பேரும், வந்தபிறகு ஓடிவரும் ஐந்து பேரும் ஒரே அணி இல்லை. பிள்ளைகளிடம் நான் சொல்லிக்கொடுத்தது ஒரே சொல், "காணோம்". உங்கள் எதிரில் இருந்தவன் மினிமேப்பில் தெரியவில்லை என்றால் உடனே காணோம் என்று சொல்லிவிடு, அவன் எங்கே போனான் என்று நீ யோசிக்கவேண்டாம், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

கடைசிவரை உயிரோடு இருப்பவர் வெல்லும் பப்ஜி பற்றிக் கேட்டிருந்தால் வேறு பதில். எரங்கல் என்ற அதன் மேப் 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர், அதை யாரும் சந்து சந்தாகப் படிக்க முடியாது. தெற்கே இராணுவத் தளம் உள்ள தீவுக்கு இரண்டு பாலம், ஆடக்கூடிய பாதுகாப்பு வட்டம் எந்தப் பக்கம் சுருங்கினால் பாலத்தில் யார் காத்திருப்பார்கள் என்ற அளவு போதும்.

மொழித் தயக்கம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்கிருந்து ஆடினால் பெரும்பாலும் சிங்கப்பூர் சர்வர். இந்தோனேசியர், பிலிப்பினோ, மலாய், சீனம், தமிழ் எல்லாம் கலந்து விழும். அழகான ஆங்கிலம் யாருக்கும் வேண்டாம். மேப்பில் எழுதியிருக்கும் இடப்பெயரும் ஒரு எண்ணும் போதும், எல்லோருக்கும் புரியும். திட்டுகிறவன் இருந்தால் அவன் குரலை மட்டும் அடைத்துவிட்டு, அவனுக்கும் தகவல் சொல்லிக்கொண்டே இருங்கள். அவனும் உங்கள் அணிதான், அந்த அரை மணி நேரத்துக்கு.

அந்த மலாய் நண்பனோடு இன்றும் மாதம் ஒருமுறை டஸ்ட் 2 ஆடுகிறோம். எல்லோரும் ஒழுங்காக ஆங்கிலப் பெயர்கள்தான் சொல்கிறோம், பிக்கு மட்டும் மாறவில்லை. சுரங்கத்தில் காலடி கேட்டால் முதலில் கத்துவதே அவன்தான்: "ஆயா டத்தாங்!" அப்பா வருகிறார்.