உறை இழந்த விண்மீன்கள்

கேள்வி: முதுமையில் விண்மீன்கள் சிவந்து குளிரும் என்கிறார்கள், சில மட்டும் நீலமாகத் தகிப்பது ஏன்?

பதில்: பெரும்பாலும் துணை விண்மீனே காரணம். சூரியனை ஒத்த விண்மீன் சிவப்புப் பெருமீனாக உப்பும்போது, நெருங்கிச் சுற்றும் துணை அதன் வெளியுறைக்குள் சிக்கி, உராய்வால் உள்நோக்கி இறங்குகிறது. அப்போது வெளிப்படும் சுற்றுப்பாதை ஆற்றல் ஹைட்ரஜன் உறையை விண்வெளிக்குத் தள்ளிவிட, சூரியனில் ஏறத்தாழப் பாதி நிறையுள்ள, ஹீலியம் எரியும் உள்ளகம் 20,000 முதல் 40,000 கெல்வின் வரையிலான வெப்பநிலையுடன் எஞ்சுகிறது. கன்னி விண்மீன் குழுவிலுள்ள எச்.டபிள்யூ. வர்ஜினிஸ் இணையில், இத்தகைய மீனும் ஒரு செங்குறுமீனும் (சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்) ஒன்றையொன்று வெறும் 2.8 மணி நேரத்தில் சுற்றிவிடுகின்றன. செங்குறுமீனின், சூடான மீனை நோக்கிய பக்கம் சூடேறி ஒளிர்வதும் அளவீடுகளில் தெரிகிறது. துணை சற்றுத் தொலைவில் இருந்தாலோ, உறை நிதானமாக அதனிடம் கைமாறும். துணையின்றித் திரிபவற்றுள் சில, இரு ஹீலியம் வெண்குறுமீன்கள் (எரிந்தடங்கிய விண்மீன்களின் அடர்ந்த ஹீலியம் எச்சங்கள்) இணைந்து பிறந்தவையாகலாம்.